பாடவேறுபாடும் பயிற்சித் தரவும்: தமிழாய்வு நோக்கில் திறந்த மூலச் செயற்கை நுண்ணறிவு

ஆய்வுச் சுருக்கம்

செயற்கை நுண்ணறிவு மொழி மாதிரிகள் தமிழாய்வுக்குள் நுழைந்துவிட்ட சூழலில், அவற்றின் பயிற்சித் தரவு, எடைகள், உரிமம் ஆகியன ஆய்வாளர் கைக்கு எட்டும் நிலையில் இருக்க வேண்டும் என்பதே இக்கருத்துரையின் நிலைப்பாடு. தமிழ்ப் பதிப்பு மரபு வகுத்துக்கொண்ட நெறிகளை அளவுகோலாகக் கொண்டு இந்நிலைப்பாடு முன்வைக்கப்படுகிறது. எழுத்துரு, குறியேற்ற வரலாறும், ஒரே இடத்தில் அறிவைக் குவிப்பதால் நேர்ந்த இழப்புகளும் சான்றுகளாகின்றன.

திறவுச்சொற்கள்: திறந்த மூலம், பரவல்முறை, மொழி மாதிரி, பாடவேறுபாடு, பயிற்சித் தரவு, ஒருங்குறி, பொதுவுடைமை.

முன்னுரை

புறநானூற்றில் 267, 268 ஆம் பாடல்கள் கிடைக்கவில்லை. புறநானூற்றைப் பாடமாகக் கற்ற எவரும் அறிந்த செய்தி இது. பழையவுரை 266 ஆம் பாடலோடு நின்றுவிட, அதற்கு அடுத்த இரு எண்களும் வெற்றிடமாக உள்ளன. ஈராண்டுகளுக்கு முன் என் மேற்பார்வையில் இருந்த ஆய்வு மாணவர் ஒருவர் கொண்டுவந்த இயலில், புறநானூறு 267 என்னும் எண்ணோடு ஒரு பாடல் இருந்தது. திணை குறிக்கப்பட்டிருந்தது, துறை குறிக்கப்பட்டிருந்தது, பாடியவர் பெயராகச் சங்கப் புலவர் ஒருவரின் பெயரும் இருந்தது. அகவல் ஓசை ஏறத்தாழப் பொருந்தியது. எங்கிருந்து எடுத்தீர் என்று கேட்டபோது, கட்டணம் செலுத்திப் பயன்படுத்தும் ஓர் உரையாடு கருவியின் பெயரைச் சொன்னார். மாணவர் ஏமாற்றவில்லை, ஏமாந்திருந்தார்.

அதே கேள்வியை அதே கருவியிடம் நானே கேட்டேன். வேறொரு பாடல் வந்தது. சில வாரங்கள் கழித்துக் கேட்டபோது பாடல் கிடைக்கவில்லை என்ற சரியான விடை வந்தது. இடையில் கருவியின் பதிப்பு மாற்றப்பட்டிருந்தது. முதலில் அந்தப் பொய்ப் பாடல் எவ்வாறு உருவாயிற்று, கருவி புறநானூற்றின் எந்தப் பதிப்பைப் பயின்றது, பயின்றதா இல்லையா என்பவற்றை அறிய எந்த வழியும் இல்லை. மாணவர் மேற்கோள் காட்டிய 'மூலம்' அவர் மேற்கோள் காட்டிய சில மாதங்களுக்குள் உலகில் இல்லாமற் போய்விட்டது. ஓலை செல்லரித்துப் போக நூறாண்டேனும் ஆகும்.

இயந்திரம் தவறு செய்யும் என்பதைச் சுட்டுவதன்று இக்கட்டுரையின் நோக்கம். தவறு செய்யாத ஏடெழுதுவோர் எவரும் இருந்ததில்லை. தவறு நேர்ந்த இடத்தைத் தேடிச் செல்லும் வழி அடைபட்டிருப்பதே என் கவலை.

பதிப்பு மரபு வகுத்த நெறி

சி.வை. தாமோதரம் பிள்ளை கலித்தொகையை வெளியிட்டதும், உ.வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை வெளியிட்டதும் 1887 ஆம் ஆண்டில். தொடர்ந்து பத்துப்பாட்டு 1889-இலும், சிலப்பதிகாரம் 1892-இலும், புறநானூறு 1894-இலும், மணிமேகலை 1898-இலும் ஐயரின் பதிப்புகளாக வந்தன. இப்பதிப்புகளின் பெருமை அவை நூல்களை மீட்டன என்பதில் மட்டும் இல்லை. எந்த ஏடு எந்த ஊரில் யாரிடமிருந்து கிடைத்தது, எவரெவர் உதவினர் என்பதை ஐயர் தம் முகவுரைகளில் எழுதிவைத்தார். ஏடுகள் தம்முள் வேறுபட்ட இடங்களைப் பாடபேதமாகக் காட்டினார். சிதைந்த இடத்தைச் சிதைந்தது என்றே விட்டார். தாம் கொண்ட பாடத்தை மறுக்கும் உரிமையையும் அதற்கான கருவியையும் படிப்பவரிடமே அவர் ஒப்படைத்தார் என்பது ஈண்டு ஊன்றி நோக்கத்தக்கது. அவருக்குப் பின்வந்தோர் அவர் கொண்ட பாடங்கள் சிலவற்றை மறுத்துள்ளனர். அவ்வாறு மறுக்க முடிந்ததே அப்பதிப்பின் தகுதி.

தமிழில் மூலபாட ஆய்வு ஓர் அறிவுத்துறையாக நிலைபெற்றது இந்த வெளிப்படைத்தன்மையால்தான் எனலாம். இந்த அளவுகோலை மொழி மாதிரிகளுக்குப் பொருத்திப் பார்ப்போம். மொழி மாதிரி என்பது பெருந்திரளான எழுத்தைப் பயின்று, ஒரு சொல்லுக்குப் பின் எது வரக்கூடும் என்பதை எண்களாக உட்கொண்ட ஒரு கட்டமைப்பு. அந்த எண்களையே எடைகள் என்கிறோம். பயிற்சித் தரவு அதன் ஏட்டுச் சுவடி. எடைகள் அது நிறுவிக்கொண்ட பாடம். பயிற்சி முறையே பதிப்பு நெறி. இம்மூன்றையும் மறைத்துவிட்டு விடையை மட்டும் தரும் கருவி, முகவுரை கிழிக்கப்பட்ட, பாடபேதம் நீக்கப்பட்ட, பதிப்பாசிரியர் பெயரும் ஆண்டும் இல்லாத மலிவுப் பதிப்பை ஒத்தது. அத்தகைய பதிப்பை ஆய்வேட்டில் மேற்கோள் காட்ட நாம் மாணவரை அனுமதிப்பதில்லை. கருவிக்கு மட்டும் ஏன் விலக்கு அளிக்கிறோம் என்பதற்கு என்னிடம் விடை இல்லை. ஒருவேளை அது விரைவாக விடை தருவதாலோ!

திறப்பின் படிநிலைகள்

'திறந்த மூலம்' என்னும் தொடர் இப்போது விளம்பரச் சொல்லாகவும் ஆகிவிட்டதால் அதைச் சற்றுப் பிரித்துப் பார்க்க வேண்டியுள்ளது. 1983-இல் ரிச்சர்டு ஸ்டால்மன் குனூ திட்டத்தை அறிவித்ததிலிருந்து கட்டற்ற மென்பொருள் இயக்கம் வலியுறுத்திவருவன நான்கு உரிமைகள்: எந்த நோக்கத்துக்கும் இயக்குதல், உள்ளே பார்த்துக் கற்றல், படியெடுத்துப் பகிர்தல், திருத்தி வெளியிடுதல். மென்பொருளில் மூலநிரல் கிடைத்தால் இந்நான்கும் பெரும்பாலும் கைகூடும். மொழி மாதிரியில் நிரல் மட்டும் கிடைத்தாற் போதாது. திறந்த மூல முன்னெடுப்பு அமைப்பு 2024 அக்டோபரில் திறந்த மூலச் செயற்கை நுண்ணறிவுக்கென ஒரு வரையறையை வெளியிட்டது. பயிற்சித் தரவை முழுமையாகத் தர வேண்டுமா, தரவைப் பற்றிய போதிய விவரம் தந்தாற் போதுமா என்னும் விவாதம் அதன்பின்னும் ஓயவில்லை. வரையறை பின்னதை ஏற்றது. பதிப்பாய்வில் பயின்ற எனக்கு அது போதாது என்றே படுகிறது. ஏடுகளின் பட்டியலைப் பார்ப்பதும் ஏட்டைப் பார்ப்பதும் ஒன்றல்ல.

நடைமுறையில் மூன்று நிலைகளைக் காண்கிறோம். முற்றிலும் மூடிய மாதிரிகள் ஒருபுறம். மெட்டா நிறுவனத்தின் லாமா வரிசை போன்றவை எடைகளைத் தருகின்றன. பயிற்சித் தரவைத் தருவதில்லை. உரிமத்திலும் கட்டுப்பாடுகள் வைத்துள்ளன. அமெரிக்காவின் ஆலன் செயற்கை நுண்ணறிவு நிறுவனம் 2024 பிப்ரவரியில் வெளியிட்ட ஓல்மோ, எடைகளோடு பயிற்சித் தரவையும் நிரலையும் சேர்த்தே தந்தது. ஐயரின் முகவுரைக்கு அருகில் வருவது இந்த மூன்றாம் வகையே.

தமிழுக்கு நேரடியாகத் தொடர்புடையது புளூம். உலகெங்கிலுமிருந்து ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆய்வாளர்கள் பிக்சயின்ஸ் என்னும் கூட்டுமுயற்சியாக இணைந்து, பிரான்சு நாட்டின் ழான் செ மீக்கணினியில் பயிற்றி, 2022 ஜூலையில் வெளியிட்ட மாதிரி இது. 17,600 கோடி அளபுருக்கள் கொண்டது. அது பயின்ற 46 மனித மொழிகளுள் தமிழும் ஒன்று. அதன் தரவுத் தொகுப்பில் தேடிப் பார்ப்பதற்கென ஒரு கருவியும் தரப்பட்டது. தமிழின் பங்கு அதில் சிறிது என்பது குறைதான். சிறிது என்பதை அறிய முடிந்ததே, அது எவ்வளவு சிறிது என்று அளக்க முடிந்ததே என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும்.

எழுத்துருக் காலத்தின் பாடம்

இவ்விதழின் மூத்த வாசகர்கள் 1990-களை மறந்திருக்க மாட்டார்கள். ஒவ்வோர் எழுத்துருவுக்கும் ஒவ்வொரு குறியேற்றம். ஓர் அச்சகத்தில் தட்டச்சிட்ட கோப்பு மற்றோர் அச்சகத்தில் உலக மொழி எதிலும் இல்லாத குறிகளாகத் திறக்கும். எழுத்துருவை விற்றவர் வணிகத்தை நிறுத்தினால் அதில் எழுதிய நூலும் அவரோடு போயிற்று. இக்குழப்பத்தின் எச்சம் இன்றும் உண்டு. பல்கலைக்கழகங்கள் பதிவேற்றிய தமிழ் ஆய்வேடுகளில் பல, படமாகவோ பழைய எழுத்துருவின் குறிகளாகவோ கிடப்பதால் எந்தத் தேடலிலும் அகப்படுவதில்லை. அவை எழுதப்பட்டன, படிக்கப்பட முடியாதவை ஆயின.

இதிலிருந்து வெளியேறியது பொதுத் தரத்தின் வழியாகத்தான். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாடு விசைப்பலகைக்கும் குறியேற்றத்துக்கும் தரங்களை முன்வைத்தது. இணையத்தில் தன்னார்வலர் கூடிப் பேசி உருவாக்கிய திஸ்கி மற்றொரு முயற்சி. 2010-இல் தமிழ்நாடு அரசு ஒருங்குறியை ஏற்று ஆணை பிறப்பித்தது. எவருக்கும் சொந்தமில்லாத தரம் என்பதே ஒருங்குறியின் வலிமை. ஆயினும் அத்தரத்தை வகுத்தபோது தமிழ் போதிய அளவில் பேசவில்லை. இந்தியத் தரமான இஸ்கியை அடியொற்றித் தமிழுக்கு 128 இடங்கள் ஒதுக்கப்பட்டன. உயிர்மெய்க்குத் தனியிடம் கிடைக்கவில்லை. நம் இலக்கணம் ஓரெழுத்தாக எண்ணும் 'கி', கணினிக்கு இரண்டு குறிகள்.

பலரும் முடிந்துபோனதாகக் கருதும் இச்சிக்கல் மொழி மாதிரிகளில் மீண்டும் தலைகாட்டுகிறது. மாதிரிகள் எழுத்தை எழுத்தாகப் படிப்பதில்லை. டோக்கன் எனப்படும் துண்டுகளாக வெட்டிப் படிக்கின்றன. எந்தத் துண்டுகள் அகராதியில் இடம்பெறும் என்பதைத் தரவின் மிகுதி முடிவு செய்கிறது. ஆங்கிலத்தில் வழக்கமான சொற்கள் முழுதாகவே ஒரு துண்டாகிவிடும். ஒருங்குறியின் பரவலான சேமிப்பு முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட்டுகள் கொள்வதால், 'மொழி' என்னும் ஈரெழுத்துச் சொல் நான்கு குறிகளாகி, பன்னிரண்டு பைட்டுகளாகிறது. தமிழ்த் துண்டுகள் இல்லாத அகராதி அதைப் பைட்டு பைட்டாகவே பிய்த்து விழுங்கும். மொழிகளுக்கிடையே இவ்வேறுபாடு பதினைந்து மடங்கு வரை செல்லக்கூடும் என 2023-இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. துண்டின் எண்ணிக்கைக்கே கட்டணம் வாங்கும் சேவைகளில், ஒரே பொருளைத் தமிழில் கேட்பவர் ஆங்கிலத்தில் கேட்பவரைவிட மிகுதியாகச் செலுத்த நேர்கிறது. இதை மொழிவரி என்று சொன்னால் மிகையாகாது.

மூடிய மாதிரியில் இதற்கு நாம் செய்யக்கூடியது விண்ணப்பம் மட்டுமே. திறந்த எடைகள் கிடைத்தபோது நிகழ்ந்தது வேறு. லாமா 2 மாதிரியின் அகராதியில் 32,000 துண்டுகள் இருந்தன. அவற்றுள் தமிழ்க்கூறுகள் மிகக் குறைவு. 2023 நவம்பரில் அபினந்த் பாலசந்திரன் வெளியிட்ட தமிழ்-லாமா, அந்த அகராதியில் 16,000 தமிழ்த் துண்டுகளைச் சேர்த்து மாதிரியை மேற்கொண்டு பயிற்றியது. அதன் தரத்தில் எனக்குக் குறைகள் உண்டு. செய்யுள் நடையை அது அறியாது. எனினும் எவரிடமும் இசைவு கேட்டு நிற்காமல், தமிழர் ஒருவர் தம் மொழிக்கு இடமில்லாத அகராதியைத் திறந்து இடம் செய்துகொண்டார். சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் ஏஐ4பாரத் குழு, அட்டவணை மொழிகள் 22-க்கும் உருவாக்கிய இண்டிக்டிரான்சு2 மொழிபெயர்ப்பு மாதிரியைத் தரவோடு திறந்து வெளியிட்டதும் அதே ஆண்டில்தான். தொல்காப்பியத்தின் எழுத்ததிகாரத்தைக் கற்றவர்கள் இத்துண்டாக்க முறையை ஆராய்ந்து, உயிர்மெய்யையும் புணர்ச்சியையும் விகுதியையும் மதிக்கும் ஒரு முறையை முன்மொழிய வேண்டும் என்பது என் நெடுநாள் விருப்பம். திறந்த மாதிரிகள் உள்ளவரை அது வெறும் விருப்பமாக நிற்க வேண்டியதில்லை.

ஓரிடக் குவிப்பும் பரவலும்

நான் வாழும் திருமழிசை, திருமழிசையாழ்வார் அவதரித்த தலமாகப் போற்றப்படுவது. அவர் தம் படைப்புகளை எழுதிய ஓலைகளைக் குடந்தையில் காவிரியில் இட்டார் என்றும், நான்முகன் திருவந்தாதியும் திருச்சந்த விருத்தமும் மட்டும் நீரை எதிர்த்து மீண்டன என்றும் குருபரம்பரை மரபு கூறும். வரலாறாக இதை நிறுவ இயலாது. ஒற்றைப் படியாக இருந்தவை போயின என்னும் பட்டறிவு அக்கதைக்குள் உறைந்துள்ளது என்றே நான் படிக்கிறேன். பெரியவாச்சான் பிள்ளை பெரியாழ்வார் திருமொழிக்கு எழுதிய உரையில் பெரும்பகுதி அழிந்துபோக, அழிந்த பாசுரங்களுக்கு மட்டும் மணவாள மாமுனிகள் உரை வரைந்து நிரப்பினார் என்பதும் வைணவ உலகு அறிந்ததே. இந்நாட்டில் நூல்கள் பிழைத்தது ஒரு பெருங்களஞ்சியத்தினால் அன்று. மடங்களிலும் கோயில்களிலும் புலவர் வீடுகளிலும் சிதறிக்கிடந்த படிகளினால். ஐயர் ஊர் ஊராக அலைந்தது இடர்தான். ஆனால் அலையும்படி அவை பல ஊர்களில் இருந்தனவே!

எதிர்நிலைச் சான்று யாழ்ப்பாணம். 1981 மே 31 இரவு தொடங்கி எரிக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. அவற்றுள் வேறெங்கும் படியில்லாதனவும் இருந்தன. அதற்கு ஏறத்தாழ ஒரு தலைமுறை கழித்து ஈழத்து எழுத்துகளை எண்ணிமப்படுத்த 2005-இல் எழுந்த நூலகம் திட்டம், எவரும் எங்கிருந்தும் தரவிறக்கிக்கொள்ளும் வடிவைத் தேர்ந்ததில் அந்தத் தீயின் நினைவு இருந்திருக்கும் என்று எண்ணுகிறேன்.

சிறிய அளவில் இவ்வூரே ஒரு பாடம் கண்டது. 2020 மே மாதம் கோயம்பேடு சந்தை கொரோனாப் பரவலின் மையமாகி மூடப்பட்டபோது, காய்கறி மொத்த வணிகம் திருமழிசைக்கு மாற்றப்பட்டது. செப்டம்பர் இறுதிவரை சென்னைக்குக் காய்கறி இங்கிருந்துதான் சென்றது. எல்லா வண்டியும் ஒரே வாயிலில் நின்றால் அந்த வாயில் அடைபடும் நாளில் நகரமே அடைபடுகிறது. அதற்கு மாற்றாக மற்றொரு ஒற்றை வாயிலையே அமைத்தோம் என்பது வேறு செய்தி.

பரவல்முறை என்பதைக் கட்டடம் எங்கே இருக்கிறது என்பதோடு குழப்பிக்கொள்ளலாகாது. இங்கிருந்து தொலைவில் இல்லாத அம்பத்தூரில் பெரிய தரவு மையங்கள் எழுந்துள்ளன. நம் கேள்விகளுள் சில அங்கேயே சென்று திரும்பக்கூடும். அதனால் அக்கருவி நம்முடையதாகிவிடாது. படி யாரிடம் உள்ளது, நிறுத்தும் அதிகாரம் யாரிடம் உள்ளது, திருத்தும் உரிமை யாருக்கு உண்டு என்பவையே பரவலை முடிவு செய்யும். கருவியைத் தருபவர் விலையை உயர்த்தலாம். ஒரு பதிப்பை நிறுத்தலாம். ஒரு பொருள் குறித்து விடையளிக்க மறுக்கும்படி மாற்றலாம். சொந்தக் கணினியில் தரவிறக்கி வைத்த மாதிரிக்கு இம்மூன்றும் நேராது.

நாட்டுப்புறவியல் ஆய்வில் இவ்வேறுபாடு அறம் சார்ந்ததாகவும் ஆகிறது. களத்தில் ஒரு மூதாட்டி ஒப்பாரியோடு தம் குடும்பத்துப் பிணக்கையும் நோயையும் சாதிக் கொடுமையையும் சொல்கிறார். ஆய்வாளர்மேல் வைத்த நம்பிக்கையால் சொல்கிறார். அவ்வொலிப்பதிவை எழுத்தாக்கும் பொருட்டுத் தொலைதூர வழங்கி ஒன்றுக்கு அனுப்பும்போது, அந்த நம்பிக்கையை நாம் யாரிடம் கைமாற்றுகிறோம்? ஓப்பன்ஏஐ நிறுவனம் 2022 செப்டம்பரில் திறந்து வெளியிட்ட விஸ்பர் என்னும் பேச்சறி மாதிரி 6,80,000 மணிநேர ஒலியில் பயின்றது, தமிழும் அறியும். அதை இணையத் தொடர்பே இல்லாத கணினியிலும் இயக்கலாம். வட்டார வழக்கில் அது தடுமாறும், சில வேளை சொல்லாததையும் எழுதும். ஆகவே பதிவைக் கேட்டுத் திருத்தும் உழைப்பு எஞ்சியே இருக்கும். பதிவு மட்டும் அறையை விட்டு வெளியேறாது. எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் இயற்றப்பட்டபின் இது பழக்கவழக்கம் சார்ந்த செய்தி மட்டும் அன்று.

பரவல்முறையின் எல்லையையும் ஒப்புக்கொள்ள வேண்டும். மாதிரியை முதலிலிருந்து பயிற்றப் பெருங்கணினியும் பெரும்பணமும் வேண்டும்; புளூமுக்கும் ஓர் அரசின் மீக்கணினியே துணை நின்றது. பயிற்றிய மாதிரியைப் பலரின் கணினிகளில் பகிர்ந்து இயக்கும் பெட்டல்சு போன்ற முயற்சிகள் புளூமை வைத்தே செய்து காட்டப்பட்டன. அவை வேகத்தில் பெருநிறுவனச் சேவைகளுக்கு ஈடாகா. ஆயின் தமிழாய்வுக்குத் தேவை உலகின் எல்லாக் கேள்விக்கும் விடைசொல்லும் மாதிரி அன்று. சங்கச் செய்யுளைச் சொற்பிரித்தல், கல்வெட்டு வாசகத்தைத் தேடல், ஏட்டுப்படத்தை எழுத்தாக்கல் போன்ற குறுகிய பணிகளுக்குச் சிறு மாதிரிகளே போதுமானவை.

உரிமையும் நன்றியும்

எழுத்தைப் பொதுவாக்குவதில் தமிழ்நாட்டுக்கு நெடிய முன்வரலாறு உண்டு. பாரதியின் எழுத்துகள் மீதான உரிமையைச் சென்னை மாகாண அரசு 1949-இல் பெற்று, பின்னர் அவற்றை அனைவர்க்கும் பொதுவாக்கியது. அதன் முழு வரலாற்றை ஆ.இரா. வேங்கடாசலபதியின் 'பாரதி: கவிஞனும் காப்புரிமையும்' எடுத்துரைக்கிறது. தொடர்ந்து பல எழுத்தாளர்களின் நூல்கள் நாட்டுடைமை ஆயின. 1998 பொங்கலன்று கு. கல்யாணசுந்தரம் முன்னின்று தொடங்கிய மதுரைத் திட்டம், பல நாடுகளில் வாழும் தமிழரின் தட்டச்சு உழைப்பால் இலக்கியங்களை இலவச மின்பதிப்புகளாக்கியது. 2003-இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்ட கட்டுரைகளைக் கண்டுள்ளது. கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்கள் 2012-இல் தொடங்கிய கணியம் இதழ் இன்றும் இத்துறைத் தமிழை வளர்க்கிறது. பெருநிறுவனங்கள் தமிழை நோக்கித் திரும்புமுன்பே தன்னார்வலர்கள் சேர்த்துவைத்த செல்வம் இது.

மதுரைத் திட்டத்தின் கோப்புகளில் ஒரு முகப்பு உண்டு. தட்டச்சிட்டவர் பெயரும் மெய்ப்புப் பார்த்தவர் பெயரும் அதில் இருக்கும். இம்முகப்பைச் சிதைக்காமல் வைத்திருந்தால் கோப்பை எவரும் விலையின்றிப் பரப்பலாம் என்பதே நிபந்தனை. உலகின் மிக எளிய உரிமங்களுள் ஒன்று அது எனலாம். கேட்பது நன்றியை மட்டும். இணையத்தை வாரி எடுத்துப் பயிற்சித் தரவாக்கும்போது முதலில் உதிர்வது இந்த முகப்பே. மூடிய மாதிரி ஒன்று சிலப்பதிகாரத்தைப் பற்றி விடையளிக்கையில், அவ்வறிவு எந்தத் தன்னார்வலரின் விழித்த இரவுகளிலிருந்து வந்தது என்பதை அவரும் அறியார், நாமும் அறியோம். பொதுவில் எடுத்ததைப் பொதுவில் திருப்பித் தருக என்று கேட்பது பேராசையாகாது. தமிழ் விக்கிப்பீடியாவின் உரிமம் அதையே கேட்கிறது.

எதிர்வாதங்கள் உண்டு. திறந்த மாதிரியைத் தீயோரும் எடுப்பர், பொய்க்குரலும் பொய்ப்படமும் பெருகும் என்பர். இவ்வச்சம் உண்மையானது. ஆயினும் மூடிய கருவிகளாலும் அப்பொய்கள் உருவாகின்றன என்பதை அன்றாடம் காண்கிறோம்; பொய்யைக் கண்டறியும் கருவியை உருவாக்குவோர்க்குத் திறந்த மாதிரியே ஆய்வுப்பொருளாக அமைகிறது. வாழும் எழுத்தாளர்களின் உரிமை பற்றிய வாதம் இதனினும் வலியது. திறப்பு என்னும் பெயரால் இன்று எழுதும் ஒருவரின் நாவலை இசைவின்றித் தரவாக்குவதை நான் ஏற்க மாட்டேன். நாட்டுடைமை நூல்களிலும், காப்புரிமைக் காலம் கடந்தவற்றிலும், அரசு நிதியில் உருவான அகராதிகளிலும் ஆய்வேடுகளிலும் இருப்பதையே நாம் இன்னும் முழுதாகத் திறக்கவில்லை. அங்கிருந்து தொடங்கலாம்.

ஆய்விதழ்களின் கடமை

இவ்விதழின் பதிப்புக் குழுவுக்கு ஒரு வேண்டுகோள். மொழி மாதிரியைப் பயன்படுத்தி எழுதப்பெறும் கட்டுரைகளில் மாதிரியின் பெயர், பதிப்பு, பயன்படுத்திய நாள், கேட்ட கேள்வியின் முழு வாசகம் ஆகியவற்றைக் கேட்டுப் பெறுக. சான்றாக முன்வைக்கப்படும் முடிவு எதுவாயினும், மற்றோர் ஆய்வாளர் தரவிறக்கி மீண்டும் இயக்கிப் பார்க்கக்கூடிய மாதிரியிலிருந்து கிடைத்ததாக இருக்கட்டும். மூடிய கருவியை வரைவுக்கும் மொழிநடைக்கும் பயன்படுத்துவதைத் தடுக்க இயலாது, தடுக்கவும் வேண்டா. அதன் விடையைச் சான்றாக ஏற்பதைத் தடுக்கலாம். இதழின் பழைய தொகுதிகளை ஒருங்குறியில், தெளிவான திறந்த உரிமத்தோடு வெளியிடுவதும் இதனோடு சேர்ந்தது. நம் எழுத்தை எவரும் படியெடுக்கலாகாது என்று பூட்டிவைத்துக்கொண்டு, மாதிரிகளுக்குத் தமிழாய்வு தெரியவில்லை என்று குறைகூறுவதில் பொருளில்லை.

துறைகள் செய்யக்கூடியதும் உண்டு. தொலைந்த பாடல்கள், சிதைந்த அடிகள், ஐயத்துக்குரிய பாடங்கள், ஆசிரியர் பெயர் தெரியாத பாடல்கள் ஆகியவற்றின் பட்டியலைக் கணினி படிக்கும் வடிவில் தமிழ் மாணவர்களால்தான் தர முடியும். பதிற்றுப்பத்தின் முதற்பத்தும் பத்தாம் பத்தும் கிடைக்காமையை, நற்றிணை 234-இன் வெற்றிடத்தை ஒரு மாதிரி அறிந்திருக்கிறதா என்று சோதிக்கும் வினாத்தொகுப்பு ஒன்று, எத்தனை கோடி அளபுருக்கள் என்னும் பெருமிதத்தைவிட அதன் தகுதியைத் தெளிவாகக் காட்டிவிடும்.

மேலே சொன்ன மாணவர் அச்சோதனையை எங்கள் துறைக் கணினியில் சிறு அளவில் செய்துபார்த்தார். தரவிறக்கிய சிறு மாதிரி ஒன்றிடம் புறநானூறு 267-ஐக் கேட்டார். அதுவும் ஒரு பாடலைப் புனைந்து தந்தது. முன்னதைவிட மோசமான பாடல். பின்னர் புறநானூற்று மின்பதிப்பின் கோப்பை இணைத்து, கோப்பில் உள்ளதை மட்டும் கொண்டு விடையளிக்கும்படி அமைத்தார். இரண்டு நாள் வேலை அது. அதன்பின் கேட்டபோது, இவ்வெண்ணில் பாடல் இல்லை என்று ஒரு வரியில் விடை வந்தது. எந்தக் கோப்பு, எந்தப் பதிப்பு, எந்த மாதிரி, எந்த அமைப்பு என்பதை அவர் தம் ஆய்வேட்டின் பின்னிணைப்பில் நான்கு பக்கங்களுக்கு எழுதியுள்ளார். புறத்தேர்வாளர் அப்பக்கங்களைப் படித்துவிட்டு மூன்று திருத்தங்கள் குறித்து அனுப்பினார்.